கடைமடையிலிருந்து இரண்டு பென்டியங்கள்

பென்டியம் 3 வெளிவந்தது 1999 பிப்ரவரியில். பென்டியம் 4 வந்தது 2000 நவம்பரில். இடையில் இருபத்தொரு மாதம். இரண்டும் இன்டெல் நிறுவனத்தினுடையவை. இரண்டுக்கும் அடித்தளம் போட்டது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் குழு. பாப் கால்வெல் என்ற ஒரே தலைமை வடிவமைப்பாளரின் பார்வையில் உருவான கட்டமைப்புகள். மேசைமேல் இரண்டும் செய்தது ஒரே வேலைதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், ஒரே கேள்விக்கு இத்தனை மாறுபட்ட இரண்டு விடைகள் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன என்று நம்பச் சற்று நேரம் பிடிக்கும். ஒன்று நிதானமாக நடந்து நிறைய வேலையை முடித்தது. மற்றது ஓட்டத்தையே ஒரு கலையாக வளர்த்தது.

காவிரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கும் பேராவூரணிக்காரர்களுக்கு இவை பி-த்ரீ, பி-ஃபோர். சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் என்று உதிரியாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, இங்கே பூட்டி ஓடவைத்த 'அசெம்பிள்' பெட்டிகளின் காலம் அது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பலகைகளில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களுக்குள் பேஜ்மேக்கர் வந்தது. பி-த்ரீ வெளியான அதே பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அந்த முயற்சியின் பிள்ளை. சிறிய ஊர்களின் கடைத்தெருவில் தமிழ் எழுத்து திரையேறிப் பழகியதும், இந்த ப்ராசசர்கள் புழங்கியதும் ஏறக்குறைய ஒரே காலம்.

கடைக்கு வருகிறவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்பீடு எவ்வளவு?" 800, 1000, 1500 என்று ஓர் எண்ணைச் சொன்னால் பேரம் அங்கிருந்து தொடங்கும். ப்ராசசருக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதே அந்த எண். ஒரு ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நூறு கோடித் துடிப்பு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அந்த எண் சொல்லாது. இந்த இரண்டு சில்லுகளின் நயம் முழுவதும் அந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது.

கையில் எடுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். முதலில் வந்த பி-த்ரீ பார்வைக்கு ப்ராசசர் மாதிரியே இருக்காது. மதர்போர்டில் நெட்டுக்குத்தாகச் செருகும் ஓர் அட்டை. அதற்குக் காரணம் உண்டு. அடிக்கடி வேண்டியிருக்கும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம், 512 கிலோபைட், சில்லுக்குள் இடமில்லாமல் அதே அட்டையில் தனிச் சில்லுகளாக உட்கார்ந்திருந்தது. ப்ராசசரின் வேகத்தில் பாதிதான் அதற்கு. 1999 அக்டோபரில் வந்த காப்பர்மைன் வகையில் அந்தக் கேஷ் சில்லுக்குள்ளேயே குடியேறியது. அளவு பாதியாகி 256 கிலோபைட் ஆனது. வேகமோ முழு வேகமானது. போக்குவரத்துப் பாதையும் 256 பிட் அகலத்துக்கு விரிந்தது. டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை 95 லட்சத்திலிருந்து 2.8 கோடியானது. இருப்பைப் பாதியாகக் குறைத்து, எடுத்துக் கொடுக்கும் நேரத்தைச் சுருக்கியதால் மொத்தத்தில் லாபம் பார்த்த வடிவமைப்பு அது. பி-த்ரீயின் குணத்தை அறிய இந்த ஒன்றே போதும். எங்கே சுருக்கலாம், எங்கே சுருக்கக் கூடாது என்று அதற்குத் தெரியும்.

கேஷ் உள்ளே வந்த பிறகு அட்டைக்கு வேலையில்லை. பி-த்ரீ 370 பின்கள் கொண்ட சதுரமாக மாறியது. பச்சைப் பலகையின் நடுவில் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர் சிலிக்கன், மூடியில்லாமல், நீலச் சாயலோடு பளபளக்கும். ஹீட் சிங்க் நேராக அதன்மேல் உட்காரும். கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்டும்போது ஒருபக்கம் சாய்ந்தால் சில்லின் மூலை பெயர்ந்துவிடும். அதனால் பழகிய மெக்கானிக்குகள் அந்த ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாட்டுவார்கள்.

பி-ஃபோருக்கு அந்தப் பயம் கிடையாது. தலையில் உலோக மூடி. அதன் ஹீட் சிங்க்குக்கென்று மதர்போர்டில் தனிச் சட்டம், இரண்டு பக்கமும் நெம்புகோல். ஆனால் அதற்கு வேறொரு சேட்டை உண்டு. உள்ளூர் சர்வீஸ் கடையில் ஒரு தம்பி சொன்னது: "அண்ணே, பி-ஃபோர்ல ஹீட் சிங்க்கச் சும்மா இழுத்துராதீங்க. பேஸ்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கும். சாக்கெட் பூட்டுனபடியே ப்ராசசரு பேத்துக்கிட்டு வந்துரும், பின்னெல்லாம் மடங்கிரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடேறுனப்பறம் லேசாத் திருகித் தூக்கணும்." 478 மெல்லிய பின்களோடு அது சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு, 2004இல் இன்டெல் ஏன் பின்களை ப்ராசசரிலிருந்து எடுத்து மதர்போர்டுக்கு மாற்றியது என்று கேட்கத் தோன்றாது. வேறு காரணங்கள் இருந்தாலும் அவர்கள் மனதில் இதுதான் முதலில் நிற்கும்.

பெயர்களிலும் ஒரு சுவை இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் உருவாகும்போது இன்டெல் ப்ராசசர்களுக்குப் பல தடவை ஆறுகளின் பெயர்தான். பி-ஃபோரின் முதல் வகைக்கு வில்லமெட். பி-த்ரீயின் கடைசி வகைக்கு துவாலட்டின். இரண்டும் ஆரிகனில் ஓடும் ஆறுகள். துவாலட்டின் போய்க் கலப்பது வில்லமெட்டில். ஆனால் ப்ராசசர்களின் கதையில் வரிசை புரண்டுவிட்டது. பெரிய ஆறான வில்லமெட் 2000இல் வந்தது. அதன் கிளையான துவாலட்டின் 2001இல் வந்தது. வந்து, 1.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை போய், அன்றாட அலுவலக வேலைகள் பலவற்றில் தன்னைவிட அதிக வேகம் எழுதிய பி-ஃபோர்களைத் திணறடித்தது. இன்டெல் அதற்குப் பெரிதாக விளம்பரம் செய்யவில்லை. புதியதை விற்க வேண்டிய நேரத்தில் பழையதைப் புகழ்வது வியாபாரத்துக்கு ஒத்துவராது. துவாலட்டின் சில்லே செலரான் என்ற மலிவுப் பெயரிலும் வந்தது. மலிவு என்று வாங்கியவர்களுக்கு அது ஒரு வம்சத்தின் உச்சம் என்பது தெரிந்திருக்க வழியில்லை.

இனி உள்ளே போகலாம். இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு பைப்லைன். அதைப் புரிந்துகொள்ளப் பேராவூரணியில் பிறந்தவர்களுக்குப் பாடம் தேவையில்லை. கல்லணையில் பிரிந்து தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக இங்கே வரும் கல்லணைக் கால்வாய், 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்ததால் வயதானவர்கள் வாயில் இன்னும் 'புதாறு', அதுதான் பாடம். கல்லணையில் மதகைத் தூக்கியதும் கடைமடையில் தண்ணீர் வந்துவிடாது. நாள் கணக்காகும். ஆனால் கால்வாய் ஒருமுறை நிறைந்துவிட்டால், தலைமடையில் ஒரு பங்கு நீர் நுழையும்போதே கடைமடையில் ஒரு பங்கு பாயும். நீளமான கால்வாய் என்பதால் பாய்ச்சல் குறையாது; முதல் நீர் வரத்தான் தாமதம்.

ப்ராசசரும் அப்படித்தான். ஒரு கட்டளையை எடுப்பது, பொருள் பிரிப்பது, வேண்டியதைச் சேகரிப்பது, கணக்கிடுவது, எழுதிவைப்பது என்று வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, எல்லாக் கட்டங்களிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கட்டளைகளை ஓடவிடுகிறது. பி-த்ரீயில் அந்த நீளம் சுமார் 10 கட்டம். பி-ஃபோரில் 20. கட்டங்களை அதிகமாக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் செய்யும் வேலை சிறுத்துப்போகும். சிறிய வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம். ஆகவே கடிகாரத்தை வேகமாகத் துடிக்கவிடலாம். பி-ஃபோர் எழுதிய பெரிய எண்களின் ரகசியம் இவ்வளவுதான்.

தவறிப்போனால் என்ன ஆகும் என்பதில்தான் கடைமடைக்காரருக்கு அக்கறை. நிரலில் ஐந்தாறு கட்டளைக்கு ஒன்று, 'இப்படியானால் இந்தப் பக்கம் போ, இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போ' என்ற கிளைக் கட்டளையாக இருக்கும். எந்தப் பக்கம் என்பது பைப்லைனின் கடைசிப் பகுதியில்தான் தெரியும். அதுவரை காத்திருந்தால் முழுக் கால்வாயும் காய்ந்து கிடக்கும். அதனால் ப்ராசசர் ஊகிக்கிறது. ஊகித்த பக்கத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. ஊகம் பலித்தால் நல்லது. பொய்த்தால், வழியெல்லாம் நிற்கும் நீரை வடித்துவிட்டுக் கல்லணையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 10 கட்டக் கால்வாயில் அந்த இழப்பு தாங்கும். 20 கட்டத்தில் இரட்டிப்பு.

இது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. பி-ஃபோரின் ஒவ்வொரு நுட்பமும் அந்த நீளத்துக்குச் செய்த பரிகாரமாகவே இருக்கிறது. கிளைகளின் பழைய போக்கைக் குறித்துவைக்கும் பட்டியல் பி-த்ரீயில் 512 வரி. பி-ஃபோரில் 4,096 வரி. ஒரே நேரத்தில் கையில் வைத்துக் கவனிக்கக்கூடிய நுண்கட்டளைகள், அதாவது கட்டளைகளைப் பிரித்தெடுத்த சிறு படிகள், பி-த்ரீயில் 40, பி-ஃபோரில் 126. முன்யோசனை இல்லாமல் ஓடியது என்று பி-ஃபோரைச் சொல்கிறவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். இவ்வளவு முன்யோசனை அதற்கு முந்தைய எந்தப் பென்டியத்திலும் இல்லை.

அந்த இருபது கட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. அவற்றின் பெயர் 'டிரைவ்'. அவை எதையும் கணக்கிடுவதில்லை, எடுப்பதில்லை, எழுதுவதில்லை. சில்லின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு மின்குறிகள் போய்ச் சேர நேரம் கொடுப்பது மட்டுமே அவற்றின் வேலை. மடையில்லாத தூரத்தில் புதாறு எந்த வயலுக்கும் பாயாமல் சும்மா போய்க்கொண்டிருக்கும் அல்லவா, அது போல. 1.5 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் ஒரு நொடியை நூற்றைம்பது கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. வெற்றிடத்தில் ஒளியே அந்த நேரத்தில் 20 சென்டிமீட்டர்தான் போகும். சில்லுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளில் மின்குறியின் நடை அதைவிட மிகவும் மெதுவு. முதல் பி-ஃபோரின் சிலிக்கன் 217 சதுர மில்லிமீட்டர். காப்பர்மைனைப் போல இருமடங்கு. அந்தச் சின்னச் சதுரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதே ஒரு பயணமாகிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கென்று இரண்டு கட்டங்களை ஒதுக்கிய அடக்கத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. கணக்கைவிடக் கம்பி பெரிய பிரச்சினையாகும் காலம் வருகிறது என்று அந்த இரண்டு கட்டங்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டன. அது பிறகு எல்லா ப்ராசசர்களுக்கும் உண்மையானது.

அடுத்தது ட்ரேஸ் கேஷ். வழக்கமாகக் கேஷ் என்பது கட்டளைகளை வந்தபடியே வைத்துக்கொள்ளும். இன்டெல் வழிக் கட்டளைகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. சில ஒரே பைட், சில பத்துக்கும் மேல். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பி-த்ரீ அந்த வேலையை ஒவ்வொரு முறையும் சலிக்காமல் செய்தது. பி-ஃபோர் அதை ஒருமுறை செய்து, பிரித்தெடுத்த நுண்கட்டளைகளையே சேமித்துவைத்தது. சுமார் 12,000 வரை. அதுவும் நிரலில் எழுதியிருக்கும் வரிசையில் அல்ல, ஓடிய வரிசையில். கிளை தாவிய இடத்தில் தாவியபடியே அடுத்தடுத்து. மறுபடி அதே சுற்று வரும்போது, உரித்துவைத்ததை அப்படியே எடுத்துக்கொடுத்தால் போதும். சேமிப்பதைத் தானியமாகச் சேமிக்காமல் அரிசியாகச் சேமித்த புத்தி.

மூன்றாவது, எல்லாவற்றிலும் நுணுக்கமானது. பி-ஃபோரின் எளிய கூட்டல் கழித்தல் அலகுகள் மற்ற பகுதிகளைவிட இருமடங்கு வேகத்தில் ஓடின. 1.5 ஜிகாஹெர்ட்ஸ் ப்ராசசருக்குள் 3 ஜிகாஹெர்ட்ஸ் கூட்டல். எப்படி முடிந்தது? 32 பிட் எண்களை ஒரே மூச்சில் கூட்டவில்லை. முதல் அரைத் துடிப்பில் கீழ்ப்பாதி 16 பிட். அடுத்த அரைத் துடிப்பில், மிச்சத்தை ஏற்றிக்கொண்டு மேல்பாதி 16 பிட். மூன்றாவது அரையில், விடை பூஜ்ஜியமா, எதிர்மமா என்ற குறிப்புகள். இந்த விடையை எதிர்பார்த்து நிற்கும் அடுத்த கூட்டல், மேல்பாதி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கும் முதலில் வேண்டியது கீழ்ப்பாதிதானே! ஒன்றாம் இடம் கையில் கிடைத்ததுமே அது தன் கணக்கைத் தொடங்கிவிடும். இவ்வாறு ஒன்றின் வால் முடியுமுன் அடுத்ததன் தலை நுழைந்து, அரைத் துடிப்புக்கு ஒரு கூட்டலாகச் சங்கிலி ஓடும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கற்ற கணக்குமுறைதான். அதற்குள் இப்படி ஓர் இடைவெளி இருப்பதைக் கண்டவரின் கண்ணைத்தான் பாராட்ட வேண்டும்.

இந்த ஓட்டத்துக்குக் கொடுத்த விலைகளையும் சொல்லியாக வேண்டும். பிட்டுகளை இடம் வலமாக நகர்த்தும் எளிய வேலையை பி-த்ரீ ஒரே துடிப்பில் முடித்தது. முதல் பி-ஃபோர்களுக்கு நான்கு துடிப்பு ஆனது. மிக அருகில் இருக்கும் முதல்நிலைத் தரவுக் கேஷ் பி-த்ரீயில் 16 கிலோபைட். பி-ஃபோரில் பாதி, 8 கிலோபைட். இரண்டே துடிப்பில் எடுத்துத் தர வேண்டும் என்பதற்காகச் சுருக்கியது. வேண்டிய தரவு அந்தச் சிறிய கேஷில் இருக்கும் என்று நம்பி, அதைச் சார்ந்த கட்டளைகளையும் முன்கூட்டியே அனுப்பிவிடும். இல்லையென்று தெரிந்தால் அத்தனையையும் மறுபடி ஓட்டும். ஆரம்பத்தில் அதோடு பூட்ட வேண்டியிருந்த ரேம்பஸ் ராமின் விலையோ பயமுறுத்தியது. அந்த ராமுக்குக் காலியான இடமே ஆகாது. நிரப்பாத ஸ்லாட்டில் வெற்று அட்டை ஒன்றைச் செருகி மின்குறி தொடர்ந்து போக வழிசெய்ய வேண்டும். 2001இன் பிற்பகுதியில் சாதாரண ராமை ஏற்கும் 845 சிப்செட் வந்த பிறகுதான் சிறிய ஊர்களின் கைக்கு பி-ஃபோர் எட்டியது.

ஆக, எது சிறந்தது? வேலையைச் சொன்னால் விடை சொல்லலாம். ஊரில் இரண்டு வகை வேலை இருந்தது. அச்சகத்தில் பத்திரிகை வாசகம் அடிப்பது, கடைக் கணக்கை எக்செல்லில் போடுவது, ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது: இவை கிளைகள் நிறைந்த வேலைகள். அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது கடினம். இங்கே குறுகிய கால்வாய் ஜெயித்தது. முதல் 1.5 ஜிகாஹெர்ட்ஸ் பி-ஃபோர், 1 ஜிகாஹெர்ட்ஸ் பி-த்ரீயைவிட ஒன்றரை மடங்கு வேகமாக இருக்கவேண்டிய இடங்களில், சில சமயம் சமமாகவும் சில சமயம் பின்தங்கியும் நின்றது. இன்னொரு வகை வேலை கல்யாண வீடியோ மிக்ஸிங். முகூர்த்தம் முதல் பந்தி வரை மணிக்கணக்கில் நீளும் காட்சியை, புள்ளி புள்ளியாக, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சுருக்கி வட்டில் ஏற்றும் வேலை. அங்கே ஊகம் அதிகம் பிழைபடாது. ஒரே திசையில் நீண்ட ஓட்டம். ஒரே கணக்கைப் பல எண்களுக்கு ஒருசேரப் போடுவதற்காக பி-ஃபோர் புதிதாகக் கொண்டுவந்த 144 எஸ்எஸ்இ-2 கட்டளைகளும், நொடிக்கு 3.2 ஜிகாபைட் அள்ளித்தரும் நினைவகப் பாதையும் அதற்காகவே செய்தது போலிருக்கும். பி-த்ரீயின் பாதையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். வீடியோ மிக்ஸிங்காரர்கள் பி-ஃபோரைத் தேடிப் போனதற்கு வெறும் விளம்பரம் காரணமில்லை.

2002 ஜனவரியில் வந்த நார்த்வுட் வகையில் பி-ஃபோர் தன் நல்ல வடிவத்தை அடைந்தது. 5.5 கோடி டிரான்சிஸ்டர், 512 கிலோபைட் கேஷ், சுருங்கிய சில்லு, குறைந்த சூடு. அந்த ஆண்டு நவம்பரில் 3.06 ஜிகாஹெர்ட்ஸோடு ஹைப்பர் த்ரெடிங்கும் வந்தது. ஒரு ப்ராசசர் தன்னை இரண்டாகக் காட்டிக்கொள்ளும். ஒரு வேலை தரவுக்காகக் காத்திருக்கும்போது சும்மா கிடக்கும் அலகுகளை இன்னொரு வேலைக்குக் கொடுக்கும். டாஸ்க் மேனேஜரில் முதன்முதலாக இரண்டு கட்டங்கள் அருகருகே ஏறி இறங்கியதைக் கண்டவர்கள் அந்தப் பெருமையை மறக்கமாட்டார்கள்.

சூட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது. 1 ஜிகாஹெர்ட்ஸ் பி-த்ரீ குடித்தது 30 வாட்டுக்குள். முதல் பி-ஃபோர் 55 வாட்டை ஒட்டி. ஏசி இல்லாத கடைகள், கோடை வெயில், தென்னந்தோப்புகளைத் தாண்டி வரும் உப்புக் காற்று. பேராவூரணி எந்த ப்ராசசருக்கும் இதமான ஊரல்ல. ஆனால் சூட்டைத் தாங்கும் விதத்தில் பி-ஃபோர் ஒரு பண்பைக் காட்டியது. பி-த்ரீக்கு அளவுமீறிச் சூடேறினால் அப்படியே உறைந்து நின்றுவிடும். பி-ஃபோர் நிற்காது. சூடு எல்லையைத் தொட்டதும் தன் கடிகாரத்தை விட்டு விட்டு நிறுத்தி, பாதி நடையில் வேலையைத் தொடரும். ஆறியதும் பழைய வேகம். ஓட மட்டுமே தெரிந்தது என்று பெயரெடுத்த சில்லுக்கு, தளர்ந்து நடக்கவும் தெரிந்திருந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹீட் சிங்க் இடுக்குகளில் தூசி அடைத்துவிட்டால் கம்ப்யூட்டர் மதியத்துக்கு மேல் காரணமில்லாமல் மந்தமாகும். உரிமையாளர் வைரஸ் என்பார். ஃபார்மட் செய்யச் சொல்வார். விவரம் தெரிந்த மெக்கானிக் பிரஷ்ஷை எடுத்துத் தூசியைத் தட்டி, புதுப் பேஸ்ட் தடவிக் கொடுத்தால், மென்பொருளில் கைவைக்காமலே வேகம் திரும்பிவிடும்.

பிறகு நடந்தது பேராசை. 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் வகையில் பைப்லைன் 31 கட்டமாக நீண்டது. 12.5 கோடி டிரான்சிஸ்டர். சூடு 100 வாட்டைத் தாண்டியது. கால்வாயை நீட்டிக்கொண்டே போனால் கடைமடை ஒருநாள் வறண்டுதான் போகும். 4 ஜிகாஹெர்ட்ஸ் பி-ஃபோர் வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. 3.8உடன் அந்த ஓட்டம் நின்றது.

அதற்குள் இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு, மடிக்கணினிக்காக, பி-த்ரீயின் வம்சத்தைக் கையிலெடுத்திருந்தது. பேட்டரியில் ஓடுவதற்கு வேண்டியது வேகமல்ல, சிக்கனம். 2003 மார்ச்சில் வந்த பென்டியம் எம் அப்படிப் பிறந்தது. அந்த வழியில் வளர்ந்து 2006 ஜூலையில் வந்ததுதான் கோர் 2 டுவோ. 14 கட்டப் பைப்லைன், ஒரே துடிப்பில் நான்கு கட்டளைகள், 65 வாட். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓடி, 3.8 ஜிகாஹெர்ட்ஸ் பி-ஃபோரைச் சிரமமில்லாமல் முந்தியது. "ஸ்பீடு எவ்வளவு?" என்று கேட்டுப் பழகியவர்களிடம், சிறிய எண்தான் வேகமானது என்று விளக்கக் கடைக்காரர்கள் பட்ட பாடு அப்போது தொடங்கியது.

பலரும் கதையை இங்கேயே முடித்து, பி-த்ரீ சரி, பி-ஃபோர் தப்பு என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹைப்பர் த்ரெடிங் 2008இல் கோர் ஐ7 மூலம் திரும்பி வந்தது. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் வகையில், பிரித்தெடுத்த நுண்கட்டளைகளைச் சேமிக்கும் தனிக் கேஷ் மறுபடி தோன்றியது. ட்ரேஸ் கேஷைவிட எளிய அமைப்பு, சுமார் 1,500 நுண்கட்டளை. கருத்து அதே கருத்து. கணக்கின் விடைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்காமல், ஒரே பதிவேட்டில் வைத்து, அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும் முறையும் பி-ஃபோரில் இருந்தது. பி-த்ரீ வழியில் இல்லை. அதையும் சாண்டி பிரிட்ஜ் எடுத்துக்கொண்டது. தோற்றதாகச் சொல்லப்பட்டதிலிருந்து மூன்று பெரிய சொத்துகள் வென்றதன் வீட்டுக்குப் போயிருக்கின்றன.

முடிவுற்ற நேர்த்தி என்று பார்த்தால் என் கை துவாலட்டினைத்தான் எடுக்கும். அதில் வீண் என்று சுட்டக்கூடியது எதுவும் இல்லை. கற்பனை என்று பார்த்தால் வில்லமெட்; அரைத் துடிப்புக் கூட்டலும், மின்குறி நடந்துபோகக் கொடுத்த இரண்டு கட்டங்களும் வேறெங்கும் கிடைக்காதவை. ஒன்றுக்குக் கற்பனையும் மற்றதற்குக் கட்டுப்பாடும் குறைவாக இருந்தன என்று சொல்வது நியாயமாக இருக்கும். இன்று ஊரின் இ-சேவை மையத்தில் சான்றிதழ் அச்சடிக்கும் கம்ப்யூட்டர் இன்டெல் ப்ராசசரில் ஓடுவதானால், அதன் நிதானம் பி-த்ரீயிடமிருந்தும் அதன் சாமர்த்தியங்களில் சில பி-ஃபோரிடமிருந்தும் வந்தவை. ஆரிகனின் வரைபடத்தில் துவாலட்டின் வில்லமெட்டில் கலக்கிறது. சிலிக்கனில் வில்லமெட் துவாலட்டினில் கலந்தது.